டெங்கில் பட்டியலில் எழுபத்துமூன்று பெயர்கள்

கட்சி ஜெயிக்கும்வரை எங்கள் அலுவலகத்தில் வேலை சுலபமாகத்தான் இருந்தது. ஜெயித்த செய்தி வந்த மறுநாள் காலை நான் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்துக்கு வந்தபோது மாடிப்படி முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு துணி மூட்டை. கால் வைக்க இடமில்லை.

"கப்பல் எப்பங்க?" என்று முதல் படியில் இருந்தவர் கேட்டார்.

சங்கங்களிலும் கட்சி அலுவலகங்களிலும் இப்போது எழுத்து வேலை பார்க்கும் தம்பிமார்கள், அந்தக் காலத்தில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று என்னைக் கேட்பதுண்டு. சமாளிக்கவில்லை என்பதுதான் உண்மை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதில் ஒரு விஷயத்துக்கு எனக்கு இன்றுவரை விளக்கம் கிடையாது. விளக்கம் வைத்திருப்பவர்கள் அதைத் தங்களிடமே வைத்துக்கொள்ளலாம்.

1. கடிதம் எழுதும் வேலை

அது முப்பதுகளின் பின்பாதி. என் அப்பா ரயில்வே பட்டறையில் பிட்டர். நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் ரயில்வே குவார்ட்டர்ஸில். மாதாகோயில் பள்ளியில் படித்ததால் கையெழுத்து மணி மணியாக இருக்கும். அதை நம்பித்தான் தேசியக் கட்சிக்கு ஆதரவாக இங்கே மலாயாவில் நடந்த ஒரு சங்கத்தில் என்னை ரைட்டராக வைத்துக்கொண்டார்கள். எனக்குச் சவரிமுத்து என்று பெயர் இருந்தும் எல்லோருக்கும் நான் ரைட்டர்தான்.

கட்சி இருந்தது இந்தியாவில். தேர்தலும் அங்கேதான், சென்னை மாகாணத்தில். இங்கே ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த ஒருவருக்கும் ஓட்டு கிடையாது. ஆனால் ஊரில் துண்டு நிலம் வைத்திருக்கும் அண்ணன், மாமன், மச்சான் ஓட்டுப் போடலாம் அல்லவா? அவர்களுக்குக் கடிதம் எழுத வைப்பதுதான் எங்கள் வேலை. வாசகம் முழுவதும் தயாராக இருக்கும். பெயரும் ஊரும் எழுதும் இடம் மட்டும் காலி. நான் நிரப்புவேன், அவர்கள் இடதுகைப் பெருவிரலை உருட்டுவார்கள்.

செயலாளர் வேதாசலம் அண்ணன் துணிக்கடை வைத்திருந்தவர். நல்ல மனிதர், தொண்டை மட்டும் கொஞ்சம் பெரிது. ரயில் விசில் ஊதினாலும் அவர் பேச்சு நிற்காது. தோட்டம் தோட்டமாகப் போய் அவர் பேசுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பட்டியல் எழுதுவேன்.

2. டெங்கில் கூட்டம்

தேர்தலுக்கு நாலைந்து மாதம் முன்பு டெங்கில் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனோம். காஜாங்வரை பஸ், அங்கிருந்து ரப்பர் ஏற்றும் லோரி. வாசலிலேயே கங்காணி கையெடுத்துக் கும்பிட்டார். தோட்டத்துக்குள் கூட்டம் போடக்கூடாது என்று துரை உத்தரவு.

"அப்ப வேற எங்க போடுறது?" என்றார் வேதாசலம் அண்ணன்.

கங்காணி யோசித்தார். "ஆத்தோரம் பொதைக்கிற இடம் இருக்குங்க. அங்க துரை வரமாட்டாரு. எங்க ஆளுங்களும் கூப்பிட்டா அங்கதான் வருவாங்க."

வேதாசலம் அண்ணன் ஒப்புக்கொண்டார். ஆட்கள் கிடைத்தால் அவர் கிணற்றுக்குள் இறங்கியும் பேசக்கூடியவர்.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. ஆனாலும் அந்த மரங்களுக்கு நடுவே விளக்கு வைக்கும் நேரம்போல இருந்தது. மண்மேடுகள் வரிசை தப்பாமல் இருந்தன, ரப்பர் மரத்தின் நிரை மாதிரியே. நான் ஒரு மேட்டுக்கும் இன்னொரு மேட்டுக்கும் இடையில் மண்ணெண்ணெய்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். ரப்பர் காய் வெடிக்கும் காலம். படக் படக்கென்று எங்கேயாவது ஒரு காய் வெடித்து, விதை இலைச் சருகில் விழும்.

வழக்கமாகக் கூட்டம் என்றால் முண்டியடித்து முன்னால் வருவார்கள். இங்கே அப்படி இல்லை. ஆளுக்கொரு மேட்டுக்குப் பக்கத்தில் தள்ளித் தள்ளி நின்றார்கள். நிழலுக்காக நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வேதாசலம் அண்ணன் அன்றைக்குப் பிரமாதமாகப் பேசினார். முடிக்கும்போது கையை அகல விரித்துச் சொன்னார்: "நம்ம ஆட்சி வரட்டும். இங்க இருக்கிற ஒருத்தரையும் விடாம ஊருக்குக் கூட்டிட்டுப் போவோம். பேர் எழுதிக் குடுங்க. எழுதிக் குடுத்த அத்தனை பேரும் கப்பல் ஏறுவீங்க."

யாரும் கை தட்டவில்லை. ஒரு பெண்பிள்ளை மட்டும், "இங்க இருக்கிற எல்லாருமா?" என்று கேட்டாள்.

"எல்லாரும்மா. ஒருத்தர் பாக்கியில்ல."

பிறகு பெயர் சொல்ல ஆரம்பித்தார்கள். தோட்டங்களில் தினமும் விடியற்காலை ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் வழக்கம் உண்டு. பெரட்டு என்பார்கள். அந்தப் பழக்கத்தில் ஒருவர் பெயரைச் சொன்னதும் 'இருக்கேன்' என்று குரல் வரும். சில பெயர்களுக்கு 'இருக்காரு' என்று பக்கத்தில் நிற்பவர் சொன்னார். நான் தலை குனிந்து எழுதிக்கொண்டே போனேன். கடைசியாக எனக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண்குரல், "காத்தான். இருக்கேன்" என்றது.

"தகப்பன் பேரு?"

பதில் இல்லை. 'தெரியாது' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். மொத்தம் எழுபத்துமூன்று பெயர்கள்.

திரும்பும்போது லோரியில் வேதாசலம் அண்ணன் கேட்டார்: "எழுவத்திமூணா? நான் பார்த்தது நாப்பதுக்குச் சொச்சம்தானப்பா."

"மரத்துக்குப் பின்னால நின்னாங்கண்ணே" என்றேன். அப்படித்தான் நினைத்தேன்.

3. ஜெயித்தபின்

தந்தி வந்த அன்று பிரிக்பீல்ட்ஸ் முழுக்க லட்டு கொடுத்தோம். அதோடு சந்தோஷம் முடிந்தது.

முன்பு எங்களைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடந்த பெரிய மனிதர்களெல்லாம் மாலையோடு மாடி ஏறினார்கள். ஒருவர் மருமகனுக்குச் சென்னையில் வேலை கேட்டார். இன்னொருவர் கள்ளுக்கடையை எப்போது மூடுகிறீர்கள் என்று கேட்டார். அடுத்தவர், தன் கள்ளுக்கடையை மட்டும் விட்டுவிடும்படி கேட்டார். தெருமுனையில் ஒரு துப்பறியும் ஆள் தினமும் ஒரே பத்திரிகையைப் படித்துக்கொண்டு நின்றான். தோட்டத்து ஆட்கள் மூட்டையோடு படியில் உட்கார்ந்திருந்தார்கள்.

சென்னைக்குக் கேட்டு எழுதினோம். மூன்று வரியில் பதில் வந்தது. கடல் கடந்து போக வர இருக்கும் சட்டம் மாகாணத்தின் கையில் இல்லை, டில்லியின் கையில் இருக்கிறது. கட்சியின் பெயரால் எந்த வாக்குறுதியும் தரவேண்டாம். எந்தப் பத்திரமும் கொடுக்கவேண்டாம்.

அதைப் படித்த நாளிலிருந்து வேதாசலம் அண்ணனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார். கஷாயம், தேன், உப்புநீர் எதற்கும் குரல் திரும்பவில்லை. பின்பக்கப் படிக்கட்டு வழியாக வந்து, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, காதோடு பேசினார்.

அப்போதுதான் அஞ்சலை வந்தாள். டெங்கிலில் 'எல்லாருமா?' என்று கேட்ட அதே பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். சத்தம் போடாமல் பேசுகிற ஆள்.

"ரைட்டரய்யா, எங்க ஆளு பேரு இருக்கான்னு பாருங்க. மாரிமுத்து. தகப்பன் குப்பன்."

பட்டியலை எடுத்துப் பார்த்தேன். "இருக்கும்மா. அவரையும் ஒரு தடவ கூட்டிட்டு வா. கைநாட்டு வாங்கணும்."

"அவரு வரமாட்டாருங்க."

"ஏன், வேலையா?"

"அன்னிக்கு நீங்க பொட்டி போட்டு உக்காந்தீங்களே, அதுக்கு எடதுகைப் பக்கம்தான் இருக்காரு. காய்ச்சல்ல போயி அஞ்சு வருசம் ஆச்சு."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். சொல்வதற்கு வெட்கமில்லை, என் இடதுகை சில்லிட்டுப்போனது.

அவள் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனாள். பழைய மரங்களை வெட்டிப் புதுக் கன்று நடப்போகிறார்கள். ஆற்றோரம் புதைக்கிற இடமும் அதில் சேர்ந்துவிட்டது. வேலை குறைவதால் சிலரை ஊருக்கு அனுப்புகிறார்கள், அவளையும் சேர்த்து. அடுத்த மாதம் கப்பல். இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது கிடையாது, தோட்டத்து லயத்தில் வீடும் கிடையாது.

"நான் அவர விட்டுட்டுப் போகமாட்டேங்க. போயிட்டா அங்க கிடக்கிறது யாருன்னு கேக்கக்கூட ஆளிருக்காது. நீங்கதான் எல்லாரையும்னு சொன்னீங்க. நம்பித்தான் பேரு குடுத்தோம்."

4. கிராணியின் சிவப்பு மை

நான் வேதாசலம் அண்ணனிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு லோரியில் தாம் சொன்ன கணக்கு அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், சிரிப்பை நிறுத்திவிட்டார்.

மறுநாளே டெங்கில் போய்த் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், ஒழுங்கு பார்க்கிற மனிதர். ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டு என் பட்டியலையும் அவருடைய பெயர்ப் பதிவான செக்ரோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். உயிரோடு இருப்பவர்கள் நாற்பத்திரண்டு. சிவப்பு மையில் அடிக்கப்பட்டவர்கள் முப்பது. ஒரு பெயரை மட்டும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"காத்தான் எண்டு ஒருத்தரும் இல்லை. பழைய செக்ரோலும் இருக்கு, பார்த்திட்டன். இந்தத் தோட்டத்தில அந்தப் பேர் பதிஞ்சதே இல்லை."

"நான் காதால கேட்டேங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்கட கூட்டத்துக்குப் பிறகு இங்க ஒண்டு நடக்குது, ரைட்டர். பெரட்டு முடிஞ்சும் சனம் கலையுறேல்ல. கங்காணி கடைசிப் பேரைக் கூப்பிட்டுட்டார், ஆனா சும்மா நிக்கினம். அஞ்சு நிமிசம், பத்து நிமிசம். துரை என்ன எண்டு கேட்டால், 'இன்னும் பேர் இருக்கு' எண்டு சொல்லினம். நானும் அந்த வரிசையைப் பார்த்தன். தோளோடு தோள் நிக்கேல்ல. நடுவில நடுவில இடம் விட்டு நிக்கினம்."

வெளியே வந்து வயதான சிலரிடம் காத்தானைப் பற்றி விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. ஒரு கிழவர் மட்டும் சொன்னார்: "செக்ரோல் வர்றதுக்கு முன்னாலயே காடு வெட்ட ஆளுங்க வந்தாங்க. மலேரியால போனவங்கள எழுதி வெச்சது யாரு?"

அலுவலகம் திரும்பியதும் வேதாசலம் அண்ணன் காதோடு உத்தரவு போட்டார்: "நல்ல காப்பி ஒண்ணு எழுதுப்பா. உசுரோட இருக்கிறவங்க மட்டும். பழச எரிச்சுடு. சி.ஐ.டி.காரன் பார்த்தா சிரிப்பான்."

பட்டப்பகலில், ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, நிதானமாக எழுதினேன். நாற்பத்திரண்டு பெயர்கள். எழுதி முடித்து எண்ணினால் நாற்பத்துமூன்று. கடைசி வரியில் காத்தான், தகப்பன் பெயர் தெரியாது, அடிக்கோட்டோடு. என் கையெழுத்து. மை காயவில்லை. கைப்பழக்கம் என்றுதான் இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அதை வேதாசலம் அண்ணனிடம் காட்டினேன். பழைய பட்டியலை எரிக்கும் பேச்சை அதற்குப்பிறகு அவர் எடுக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை போவோம்" என்றார்.

5. சீட்டு

இந்தமுறை இலை உதிரும் காலம். மரமெல்லாம் மொட்டையாக நின்றது, வெளிச்சம் தாராளமாக விழுந்தது. அப்படியும் எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. அவரவர் மேட்டுக்குப் பக்கத்தில் முன்போலவே நின்றார்கள்.

வேதாசலம் அண்ணன் பேச எழுந்தார். காற்றுதான் வந்தது. கிட்டே வாருங்கள் என்று கையைக் காட்டினார். யாரும் தங்கள் இடத்தை விட்டு நகரவில்லை. அதனால் அவரே ஒவ்வொருவரிடமும் நடந்து போனார். ஆயிரம் பேருக்கு முன்னால் கர்ஜித்த மனிதர், ஒவ்வொருவர் காதிலும் சொன்னார்: "ஜெயிச்சுட்டோம். ஆனா கப்பல் எங்க கையில இல்ல. தெரியாம சொல்லிட்டேன்."

கோபப்படுவார்கள் என்று நான் பயந்திருந்தேன். தலையை மட்டும் ஆட்டினார்கள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அஞ்சலையிடம் வந்தபோது அவள் சொன்னாள்: "கப்பல் முடியாது, சரிங்க. சீட்டாவது குடுங்க."

"என்ன சீட்டு?"

"டிஸ்சார்ஜ் சீட்டு."

தோட்டத்தை விட்டு முறையாக விலகுகிறவருக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பார்கள். இன்னார் இன்ன தேதியில் வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்று அதில் இருக்கும். அது இல்லாமல் போனால் ஓடிப்போனவன் என்று பெயர். வேறு எங்கும் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள்.

"செத்தப்ப செவப்பு மையில ஒரு கோடு போட்டாங்க, அவ்வளவுதான். சீட்டு குடுக்கல. சீட்டு இல்லாம அவரு எப்படிங்க இந்தத் தோட்டத்த விட்டு வெளிய வருவாரு? ஓடிப்போற ஆளில்ல அவரு. யாராவது போகலாம்னு எழுதிக் குடுத்தா வந்துடுவாரு."

கங்காணியிலிருந்து கடைசி ஆள்வரை எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். சென்னைக் கடிதத்தில் 'எந்தப் பத்திரமும் கொடுக்கவேண்டாம்' என்று எழுதியிருந்தது எனக்கு வரி மாறாமல் ஞாபகம் இருந்தது. அண்ணனுக்கும் இருந்திருக்கும். கட்சியின் பெயர் போட்டு இப்படி ஒரு தாள் வெளியே போனால் சர்க்கார் சங்கத்தை மூடிவிடலாம், அவரைக் கப்பலேற்றியும் விடலாம்.

அவர் என் பெட்டிக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "எழுது, சவரி." அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான்.

முப்பத்தொரு சீட்டு எழுதினேன். பெயர், தகப்பன் பெயர், 'இத்தோட்டத்திலிருந்து விடுவிக்கப்பட்டார், விரும்பும் இடம் போகலாம்' என்று ஒரு வரி. அண்ணன் ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டார். ஜெயித்த கட்சி மலாயாவில் போட்ட உத்தரவு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

பெயரைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். 'இருக்காரு' என்று சொல்லி வாங்கிக்கொண்டார்கள். மாரிமுத்துவின் சீட்டை அஞ்சலை இரண்டு கையாலும் வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டாள். கடைசியாகக் காத்தான். கூப்பிட்டேன். ஒரு சத்தமும் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த நாளிலிருந்து பெரட்டு முடிந்ததும் ஆட்கள் கலைந்துபோகிறார்கள் என்று கிராணி சொல்லியனுப்பினார். அண்ணனுக்கும் குரல் திரும்பிவிட்டது. ஆனால் பழைய குரல் இல்லை.

6. துறைமுகம்

அஞ்சலையை வழியனுப்பக் கிள்ளான் வழியாகத் துறைமுகத்துக்கு ரயிலில் போனேன். டெங்கில் ஆட்கள் வரிசையாக ஏணிப்பலகை ஏறினார்கள். கூட்டம் நெரித்தது. ஆனாலும் அவள் பலகையின் ஓர் ஓரமாகவே நடந்தாள், இடதுபக்கம் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டு. இடித்துக்கொண்டு வந்தவர்கள் ஒருவரும் அந்த இடத்தில் கால் வைக்கவில்லை. என் கண்ணால் பார்த்தேன்.

ஏறுவதற்கு முன்னால் அவள் என்னிடம் கேட்டாள்: "காத்தான் சீட்ட யாரு வாங்கினாங்க?"

"யாரும் வாங்கலம்மா. என்கிட்டதான் இருக்கு."

"அப்ப பத்திரமா வெச்சிருங்க. அவருக்கு இனி நீங்கதான் ஆளு."

அந்தச் சீட்டு இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. சங்கம் போய், யுத்தம் வந்து, நான் வேறு இரண்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். எங்கள் கோயிலில் கல்லறைத் திருநாளுக்கு இறந்தவர்களின் பெயரை எழுதிக் கொடுத்தால் பூசையில் வாசிப்பார்கள். வருடா வருடம் அப்பா பெயருக்குக் கீழே காத்தான் என்று எழுதுகிறேன். ஒருமுறை பங்குச் சாமியார், "இவரு யாரு, உங்க சொந்தமா?" என்று கேட்டார். ஆமாம் சாமி என்றேன்.

இப்போது எழுத்து வேலை பார்ப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். மேடையில் 'எல்லோரும்' என்று ஒருவர் சொல்லும்போது, எத்தனை பேர் என்று எண்ணிவிட்டு எழுதுங்கள். ஜெயித்தால் அதே பட்டியலை எடுத்துக்கொண்டு அதே இடத்துக்குப் போய், முடியாததை முடியாது என்று சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் பெயர் சொல்லி 'இருக்கேன்' என்றால், பேனாவை நிறுத்திவிட்டுத் தலையை நிமிர்த்தி அந்த முகத்தைப் பாருங்கள். அன்றைக்கு டெங்கிலில் அந்தக் குரல் எனக்கு மூன்றடி பின்னால்தான் வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.